குண்டுக் காயங்கள் உடலின் எந்தப் பகுதியில் அதிகம்? எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

கேள்வி: 2023 மார்ச் 4

துப்பாக்கியால் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கைகால்களில்தான் காயம் ஏற்படுகிறது என்று மருத்துவமனைப் புள்ளிவிவரங்களைக் காட்டி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அப்படியானால், சுடுபவர்கள் கைகால்களைத்தான் குறிவைக்கிறார்கள் என்றும், குண்டடி நாம் அஞ்சும் அளவுக்கு உயிருக்கு ஆபத்தானதன்று என்றும் கொள்ளலாமா?

மார்ச் 4, இரவு

இரண்டையும் கொள்ள முடியாது. அந்த அட்டவணை, மருத்துவமனையின் வாசலை உயிரோடு தாண்டியவர்களைப் பற்றியது. நான் பல ஆண்டுகள் அவசர அறுவைச் சிகிச்சைப் பிரிவிலும், பிறகு சட்ட மருத்துவத் துறையிலும் பணியாற்றியவன். அவசரப் பிரிவில் இருந்தவரை குண்டுக் காயம் என்றாலே தொடை, முன்கை, கெண்டைக்கால், பிட்டம் ஆகியவைதான் என் நினைவுக்கு வரும். உடற்கூறாய்வு அறைக்கு மாறியபின் அதே வகைச் சம்பவங்களிலிருந்து வந்த உடல்களில் தலையும் மார்பும் முன்னுக்கு வந்தன. சுட்டவர்கள் மாறிவிடவில்லை. தலையில் குண்டடி பட்டவர்களில் பெரும்பகுதியினர் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்வதே இல்லை. எனவே அங்கிருந்து எண்ணுகிறவருக்குத் தலைக்காயம் அரிது என்றுதான் தோன்றும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்டு, திரும்பி வந்த விமானங்களின் சேதத்தைக் கொண்டு திரும்பாதவற்றைப் பற்றி எப்படிக் கணிப்பது என்று 1943-இல் எழுதிய குறிப்புகள் இதே சிக்கலைத்தான் ஆராய்ந்தன. (சிவப்புப் புள்ளிகள் நிறைந்த விமானப் படம் ஒன்று அவர் பெயரோடு சேர்த்துப் பரப்பப்படுகிறது. அது அவர் வரைந்ததன்று. பிற்காலத்தவர் விளக்கத்துக்காக உருவாக்கியது.) திரும்பிய விமானங்களில் சேதம் தென்படாத பகுதியில் அடிபட்டவைதான் திரும்பாமல் போயின. அந்தப் பகுதிக்கு அவர் கொடுத்த கவனத்தை, மருத்துவமனை அட்டவணையில் குறைவாகத் தோன்றும் தலைக்கும் மார்புக்கும் நாம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5

குறிவைத்தல் பற்றிய பகுதிக்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.

தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிட மருத்துவர்கள் ஒன்பதின் விதி என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். வளர்ந்தவரின் உடற்பரப்பில் தலையும் கழுத்தும் சேர்ந்து 9 சதவீதம். கை ஒவ்வொன்றும் 9. கால் ஒவ்வொன்றும் 18. உடற்பகுதியின் (மார்பும் வயிறும் முதுகும் சேர்ந்த நடுவுடல்) முன்புறம் 18, பின்புறம் 18. எஞ்சிய 1 பிறப்புறுப்பு. இதன்படி கைகால்கள் மட்டுமே 54 சதவீதம் ஆகின்றன. குண்டுகள் எந்த நோக்கமும் இல்லாமல் உடல்மீது சிதறி விழுந்தால்கூடப் பாதிக்கும் மேற்பட்டவை கைகால்களில்தான் படும். அமெரிக்கப் படையினரின் போர்க்காயக் கணக்கில் கைகால்களின் பங்கு இரண்டாம் உலகப் போரில் 58 சதவீதம், வியட்நாமில் 61 சதவீதம். தோலின் பரப்பு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. இந்த எண்ணிக்கையிலிருந்து சுடுபவரின் எண்ணத்தைப் படித்துவிட முடியாது.

வியப்புக்குரிய பங்கு தலையும் கழுத்தும்தான். பரப்பில் 9 சதவீதமாக இருக்கும் அவை இரண்டாம் உலகப் போர்க் கணக்கில் 21 சதவீதத்தைப் பெற்றிருக்கின்றன.

மார்ச் 5, சற்றுப் பின்

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒன்பதின் விதி உடலின் முழுத் தோலையும் அளக்கிறது. துப்பாக்கிக்கு எதிரே நிற்பது முழுத் தோல் அன்று. அந்த நொடியில் எது வெளியே தெரிகிறதோ அது மட்டுமே. மண்மேட்டுக்குப் பின்னால் படுத்திருப்பவனுக்குத் தலையும் தோளும்தான் வெளியே தெரியும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நடந்ததும் அதுதான். முகம் சிதைந்து உயிர் பிழைத்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதால், 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் முகக் காயங்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டு, ஹரால்டு கில்லீஸ் அங்கே முகச்சீரமைப்பு அறுவைச் சிகிச்சையை ஒரு தனித் துறையாக வளர்த்தெடுத்தார்.

கண்களை எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பரப்பில் அவற்றின் பங்கு சுமார் 0.1 சதவீதம். முன்புறத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 0.27 சதவீதம்தான். ஆனால் போர்க்காயங்களில் அவற்றின் பங்கு அதைவிடப் பல மடங்கு. ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மனிதன் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறான். தோலுக்குள் ஆழமாகப் புகாத சிறு துணுக்கும் கண்ணை அழித்துவிடும்.

மார்ச் 8

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் கணக்கை எடுத்துக்காட்டி, "இப்போதும் கைகால்கள் 54 சதவீதம்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த எண் சரியானது. 2001 முதல் 2005 வரையிலான காயப் பதிவேட்டிலிருந்து 1,566 பேருடைய 6,609 காயங்களை எண்ணிய ஆய்வு அது. ஆனால் அந்தக் காயங்களில் 78 சதவீதம் வெடிப்பினால் ஏற்பட்டவை. துப்பாக்கிக் குண்டினால் ஏற்பட்டவை 18 சதவீதம் மட்டுமே. "போரில் குண்டடி எங்கே படுகிறது" என்ற தலைப்பில் பகிரப்படும் அட்டவணைகள் பலவற்றில் துப்பாக்கி சிறுபான்மை என்பதைப் பகிர்பவர்கள் கவனிப்பதில்லை. தரையில் வெடிப்பது காலைத்தான் முதலில் தாக்கும். அதையும் தோட்டாவையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு, தோட்டாவின் போக்கைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

அதே ஆய்வில் மார்புக் காயங்களின் பங்கு 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. வியட்நாமில் அது 13. தலை, முகம், கழுத்து ஆகியவற்றின் கூட்டுப் பங்கோ 16-இலிருந்து 30-ஆக ஏறியிருந்தது. மார்புக் கவசம் மார்பைக் காத்தது என்பது இதற்கு நேரான விளக்கம். தலை முன்பைவிட அதிகமாக அடிபட்டது என்று மட்டும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். விழுக்காடுகள் கூடி நூறு ஆக வேண்டும் என்பதால், ஒரு பகுதி காக்கப்பட்டால் மற்றப் பகுதிகளின் பங்கு தானாகவே உயரும். முன்பு மார்பில் அடிபட்டுக் களத்திலேயே இறந்திருக்கக்கூடியவர், இப்போது முகக் காயத்தோடு பிழைத்து வந்து அட்டவணையில் புதிதாக இடம்பெறுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் வீரர்களுக்கு எத்தனை தலைக்காயம் என்ற வீதம் தெரியாமல் பங்கை மட்டும் வைத்துப் பேசுவது, நான் துறைக் கூட்டங்களில் அடிக்கடி எதிர்த்து வாதிட்ட பழக்கம்.

மார்ச் 9

இறந்தவர்களை மட்டும் எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. பொது இடங்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட 12 நிகழ்வுகளில் இறந்த 139 பேரின் உடற்கூறாய்வு அறிக்கைகளை ஆய்வாளர்கள் படித்தார்கள். மொத்தம் 371 காயங்கள். ஆளுக்குச் சராசரியாக 2.7. தலையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்தவர்கள் 58 சதவீதம். கைகால்களில் காயம் இருந்தவர்கள் 20 சதவீதம் மட்டுமே. உயிரைப் பறித்த காயம் 77 சதவீதத்தினருக்குத் தலையிலோ மார்பிலோ இருந்தது. கைகாலில் இரத்தம் வடிந்து இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

நம் வாசகர் காட்டிய மருத்துவமனை அட்டவணைக்கு அருகில் இதை வையுங்கள். ஒன்றில் பாதிக்கு மேல் கைகால். மற்றொன்றில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டுமே நேர்மையாக எண்ணப்பட்டவை. ஒருவர் உயிரோடு வந்தவர்களிடையே நின்று எண்ணினார், மற்றவர் இறந்தவர்களிடையே.

மார்ச் 9, இரவு

கைகாலில் இரத்தம் வடிந்து இறந்தவர் ஒருவர்கூட இல்லை என்று மேலே சொன்னதைக் கொண்டு, "அப்படியானால் பொதுமக்களுக்குக் கட்டுப்பட்டை (இரத்தப்போக்கை நிறுத்தக் கைகாலை இறுகக் கட்டும் பட்டை) போடக் கற்றுக்கொடுப்பது வீண்வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை வன்மையாக மறுக்கிறேன். அந்த ஆய்வு இறந்தவர்களை மட்டும் பார்த்தது. தொடை இரத்தக்குழாயில் அடிபட்டு, யாரோ ஒருவர் இறுகக் கட்டியதால் பிழைத்தவர் அந்த ஆய்வில் இடம்பெற வழியே இல்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவதால் வரும் பிழையின் மறுபக்கம் இது.

2006-இல் பாக்தாதில் ஒரு போர்க்கள மருத்துவமனையில் சேகரிக்கப்பட்ட தகவல்களின்படி, இரத்த இழப்பினால் அதிர்ச்சி நிலை (உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்லாத நிலை) ஏற்படும் முன் கட்டுப்பட்டை போடப்பட்டவர்களில் 90 சதவீதத்தினர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலை ஏற்பட்ட பின் போடப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே பிழைத்தார்கள். கைகால் காயம் சிறு காயம் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. தொடையில் ஒரு சிறு துளைதான் இருக்கிறது என்று எண்ணிச் சாவகாசமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என் கண்முன் இறந்திருக்கிறார்கள். அதை எந்த அட்டவணையாலும் எனக்கு மறக்கடிக்க முடியாது.

மார்ச் 13

காயங்களை எண்ணுவது எளிது என்ற எண்ணம் கேள்விகளில் திரும்பத் திரும்பத் தெரிவதால், அது படுக்கை அருகே எப்படி நடக்கிறது என்று விரிவாக எழுதுகிறேன்.

ஆடை முழுவதும் வெட்டி எடுக்கப்படுகிறது. வெட்டும்போது துணியில் உள்ள துளைகளின் ஊடாக வெட்டக்கூடாது. துளையைச் சுற்றிய புகைக்கரி பின்னர் சுட்ட தொலைவைச் சொல்லும். முன்புறம் தெரியும் துளைகளைப் பார்த்துவிட்டுக் கை ஓய்ந்துவிடக் கூடாது. கழுத்தையும் முதுகையும் ஒரே நேர்க்கோட்டில் பிடித்தபடி சிலர் சேர்ந்து நோயாளியைப் பக்கவாட்டில் உருட்டி முதுகைப் பார்க்க வேண்டும். தலைமுடிக்குள், அக்குளில், மார்பகத்தின் கீழ் மடிப்பில், பிட்டங்களுக்கு இடையில், விதைப்பைக்குப் பின்னால், வாய்க்குள் எனத் துளைகள் ஒளிந்துகொள்ளும் இடங்கள் உள்ளன. அடர்ந்த முடிக்குள் இருக்கும் துளை இரத்தம் உறைந்து மூடிக்கொண்டால், கையுறை அணிந்த விரல்களால் மயிர்க்கால் மயிர்க்காலாகத் தடவிப் பார்த்தால்தான் அகப்படும்.

கண்ட ஒவ்வொரு துளையின் மேலும் காகிதக் கிளிப் ஒன்றை ஒட்டிவிட்டு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். முன்புறத் துளைக்குப் பிரித்து வளைத்த கிளிப்பும் முதுகுப்புறத் துளைக்குப் பிரிக்காத கிளிப்பும் வைத்தால், படத்தில் எது எந்தப் பக்கம் என்று குழப்பமில்லாமல் தெரியும். பிறகு ஒரு கூட்டல் செய்வோம். தோலில் உள்ள துளைகளின் எண்ணிக்கையும் உடலுக்குள் தங்கிய தோட்டாக்களின் எண்ணிக்கையும் சேர்ந்து இரட்டைப்படையாக வர வேண்டும். உள்ளே போனது ஒன்று வெளியே வந்திருந்தால் துளை இரண்டு. வராதிருந்தால் துளை ஒன்று, தோட்டா ஒன்று. ஒற்றைப்படையாக வந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். அப்போது மறுபடியும் உருட்ட வேண்டும், படம் எடுக்காத பகுதியை எடுக்க வேண்டும். தோட்டா உடைந்து சிதறினாலோ, தோலை உரசிக்கொண்டு மட்டும் போனாலோ இந்தக் கணக்கு பொருந்தாது என்றாலும், எத்தனையோ உயிர்களைக் காத்த கணக்கு இது. மார்பில் நுழைந்த தோட்டா பெரிய இரத்தக்குழாய்க்குள் விழுந்து, இரத்த ஓட்டத்தோடு போய்த் தொடையில் தங்கியிருப்பதும் உண்டு. வயிற்றையும் மார்பையும் மட்டும் படம் எடுத்தவருக்கு அது தெரியவே வராது.

இவ்வளவும் நெருக்கடியின் நடுவே செய்யப்படுகின்றன. நீங்கள் படிக்கும் அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் இப்படி ஒருவர் குனிந்து தேடிக் கண்டதுதான்.

மார்ச் 14

நுழைவுக் காயம் சிறியது, வெளியேறிய காயம் பெரியது என்ற பொதுநம்பிக்கையைக் கொண்டு முன்புறம், பின்புறம் என்று பிரிக்க வேண்டாம். தோலில் இறுக்கமாக அழுத்தி, அதுவும் எலும்புக்கு நேர்மேலே சுடப்பட்டால், நுழைவிடத்துத் தோலே நட்சத்திர வடிவில் கிழிந்து பெரிதாகும். சுவரிலோ நாற்காலியிலோ சாய்ந்திருந்தவரின் வெளியேறு துளையின் விளிம்பு நசுங்கி, நுழைவுத் துளையைப் போலவே தெரியும்.

1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பல குண்டுகள் பாய்ந்த அல்லது குண்டு வெளியேறிய 46 இறப்புகளில் சிகிச்சைப் பிரிவின் குறிப்பை உடற்கூறாய்வோடு ஒப்பிட்டபோது, 24 இறப்புகளில் துளைகளின் எண்ணிக்கையோ நுழைவா வெளியேற்றமா என்பதோ தவறாக எழுதப்பட்டிருந்தது. ஆகவேதான் அவசரப் பிரிவினர் நுழைவு, வெளியேற்றம் என்று எழுதாமல், இடம், அளவு, வடிவம், சுற்றியுள்ள கரி அல்லது வெடிமருந்துத் துகள் பட்ட புள்ளிகள் ஆகியவற்றை மட்டும் வர்ணிக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நான் சொல்லிவந்தேன்.

மார்ச் 19

மார்பு எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கேள்வி. தோலில் பார்த்தால் விலா எலும்பின் கீழ்விளிம்பு என்று தோன்றும். உள்ளே அப்படி இல்லை. மூச்சை முழுவதும் வெளியே விடும்போது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஏறத்தாழ முலைக்காம்பு மட்டம் வரை உயர்கிறது. கல்லீரலும் மண்ணீரலும் அதோடு மேலே ஏறுகின்றன. முலைக்காம்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு இடையே ஒரு துளை இருந்தால், அது மார்புக் காயமா வயிற்றுக் காயமா என்பதை அந்தக் கணத்தின் மூச்சும் தோட்டாவின் சாய்வும் முடிவு செய்கின்றன. பெரும்பாலான அட்டவணைகள் தோலைப் பார்த்து "மார்பு" என்று எழுதிவிடும். அறுவைச் சிகிச்சை மருத்துவர் வயிற்றைத் திறந்து கல்லீரலைத் தைத்திருப்பார்.

பிட்டம் இன்னும் மோசம். சிலர் அதைக் கால்களோடு சேர்க்கிறார்கள், சிலர் இடுப்போடு, சிலர் முதுகோடு. அங்கே நுழையும் தோட்டா மலக்குடலையோ சிறுநீர்ப்பையையோ இடுப்பின் இரத்தக்குழாய்களையோ துளைக்கக்கூடும்.

ஒரே தோட்டா பல காயங்களாக எண்ணப்படுவதும் உண்டு. ஒருவர் முகத்தை மறைத்துக் கையை உயர்த்துகிறார். தோட்டா முன்கையைத் துளைத்து வெளியேறி மார்பில் நுழைகிறது. காயங்களை எண்ணுபவருக்குக் கைக்காயம் ஒன்று, மார்புக்காயம் ஒன்று. ஆளை எண்ணுபவருக்கு மார்பு மட்டும். முன்கை எண்ணிக்கையில் கணிசமானவை, தன்னைக் காத்துக்கொள்ள முயன்ற மனிதரின் கடைசிச் செயல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடற்கூறாய்வு மேசையில் கையை மடக்கி உயர்த்திப் பிடித்ததும் மூன்று துளைகளும் ஒரே கோட்டில் வந்து நிற்பதைப் பார்த்த எவரும் அதை வெறும் "கைகால்" பத்தியில் எழுதிவிட்டு நகர மாட்டார்.

மார்ச் 20

முதுகில் குண்டு இருந்தால் ஓடும்போது சுடப்பட்டார் என்று பொருளா? அப்படியும் இருக்கலாம். ஆனால் துளையின் இடம் மட்டும் அதைச் சொல்லாது. துப்பாக்கியைக் கண்டதும் உடல் திரும்பிக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது. சுடுபவர் முடிவெடுத்த கணத்துக்கும் தோட்டா சேரும் கணத்துக்கும் இடையே மார்பு இருந்த இடத்தில் முதுகு வந்துவிடலாம். உடல் வரைபடத்தில் மனிதன் கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறான். சுடப்படும் மனிதன் குனிகிறான், தவழ்கிறான், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நிற்கிறான். தோட்டா சென்ற பாதை, துணியில் உள்ள துளை, சம்பவ இடம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் முதுகுக் காயத்திலிருந்து கதை சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஏப்ரல் 2

காயத்தின் இடம் நோக்கத்தை ஒருபோதும் காட்டாதா என்று கேட்கிறார்கள். சில சூழல்களில் காட்டும். வடக்கு அயர்லாந்தில் ஆயுதக் குழுக்கள் தண்டனை என்ற பெயரில் முழங்காலிலும் காலிலும் சுட்ட நிகழ்வுகளில், ஆளைப் பிடித்து வைத்து, இடத்தைத் தேர்ந்து, அருகிலிருந்து சுட்டார்கள். அங்கே காயத்தின் இடமே தீர்ப்பு. நகரும் மனிதர், பதற்றத்தில் சுடுபவர், நடுங்கும் கை என்று இருக்கும் சாதாரணச் சூழலில் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை சுடப்பட்டவர்களைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வு இங்கே பொருந்தும். சிறு விட்டமுள்ள தோட்டாவால் சுடப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், நடுத்தர விட்டத்தில் இறப்பின் வாய்ப்பு விகிதம் 2.25 மடங்கு, பெரிய விட்டத்தில் 4.54 மடங்கு. ஆனால் காயங்களின் எண்ணிக்கையும் அவை உடலில் பட்ட இடமும் தோட்டாவின் விட்டத்தோடு தொடர்புடையனவாக இல்லை. கொல்லத் துணிந்தவர் பெரிய துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து உயிர்நிலையில் சுடுகிறார் என்ற விளக்கத்தை இது ஆதரிக்கவில்லை. காயம் ஒரே இடத்தில் பட்டிருக்க, கையில் இருந்த ஆயுதம் வேறாக இருந்ததால் ஒருவர் பிழைத்தார், மற்றவர் இறந்தார். இந்த இழையில் நான் எடுத்துக்காட்டியவற்றுள் என்னை மிகவும் பாதித்தது இதுதான்.

ஏப்ரல் 3

இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ணியவர்கள் உண்டா என்று கேட்டவருக்கு: முழுமையாக இல்லாவிட்டாலும் அந்தத் திசையில் ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் காயமுற்று இறந்த 4,596 அமெரிக்கப் படையினரில் 87 சதவீதத்தினர் மருத்துவ நிலையத்தை அடையும் முன்பே இறந்தார்கள். அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களில் 91 சதவீதத்தினரை இரத்தப்போக்கே கொன்றது. அந்த இரத்தப்போக்கு 67 சதவீதம் உடற்பகுதியிலும், 19 சதவீதம் கவட்டை, அக்குள், கழுத்து போன்ற, பட்டை கட்ட முடியாத இணைப்பிடங்களிலும், 13.5 சதவீதம் கைகால்களிலும் இருந்தது. இங்கும் வெடிப்புக் காயங்கள் கலந்தே உள்ளன என்பதை மார்ச் 8 குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

ஏப்ரல் 6

முதலில் கேட்ட வாசகர், தாமே ஒரு பட்டியல் தொகுக்க விரும்புவதாகவும் எதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். மகிழ்ச்சி. ஒவ்வோர் அட்டவணைக்கும் மேலே, எண்ணப்பட்டது ஆளா காயமா என்று முதலில் குறியுங்கள். ஆளை எண்ணி, ஒருவருக்குப் பல பகுதிகளைக் கணக்கிட்டிருந்தால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். அதை நூறாகச் சுருக்க முயல வேண்டாம். களத்தில் இறந்தவர்கள் சேர்க்கப்பட்டார்களா, வெடிப்புக் காயங்கள் பிரிக்கப்பட்டனவா, தற்கொலைகள் தனியாக உள்ளனவா என்பவற்றைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிட்டத்துக்கும் கவட்டைக்கும் அக்குளுக்கும் தனிப் பத்திகள் கொடுங்கள். அவற்றைக் கைகாலோடு சேர்த்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. வலம், இடம் என்று வரும் இடமெல்லாம் காயமுற்றவரின் வலமும் இடமும்தான். அவர் எதிரே நின்று பார்ப்பவருடையவை அல்ல.